முதல் மலையேற்றம்: உச்சியோடு கணக்கை முடித்துவிடாதீர்கள்

“மொத்தம் 12 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரத்தில் போய் வந்துவிடலாம்.” முதல் முறை மலையேறுகிறவர்களின் பிழை பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. மலையில் எவ்வளவு தூரம் என்பதோடு எவ்வளவு உயரம் என்றும் கேட்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் தூரத்துக்குச் சுமார் இரண்டரை மணி, உயரத்துக்கு ஒன்றரை மணி, ஆக நான்கு மணி நேரம். அதுவும் பழகிய கால்கள் நிற்காமல் நடந்தால்தான். புதியவர்கள் அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். உட்கார, சாப்பிட, வழி பார்க்க ஒரு மணி நேரம் தனி. இப்போதே ஏழு மணி நேரம் ஆகிவிட்டது.

அடுத்து, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். ஆறு மணிக்கு இருட்டும் என்றால் நான்கு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். இறங்க மூன்று மணி நேரம் ஆகும் என்றால், மதியம் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் இது மாறக் கூடாது. “இதோ, இன்னும் பத்து நிமிஷம்” என்று தோன்றும் இடத்தில் பல சமயம் ஒரு பொய் முகடுதான் நிற்கும். அதன் மேல் ஏறினால் பின்னால் அடுத்த முகடு தெரியும். களைத்துப்போன மூளை அந்த இடத்தில் சரியான முடிவு எடுக்காது என்பதால்தான் நேரத்தை முன்கூட்டியே குறிக்கச் சொல்கிறோம். எல்லாம் சரியாகத் திட்டமிட்டாலும், ஆளுக்கொரு தலையில் மாட்டும் டார்ச் பையில் இருக்கட்டும். கைபேசி வெளிச்சத்தில் பாறையில் இறங்கினால் ஒரு கை அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

இறக்கத்துக்குக் காலைப் பழக்காமல் போவது

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடை வாங்கும். ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறக்கத்தில் அதே தசை உடல் எடையைத் தாங்கி நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அப்படி உழைத்துப் பழகாத தசையின் நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியில் இறங்க முடியாமல் வலிப்பது இதனால்தான். வலி பிறகு வரும். கால் வெடவெடப்பது மலையிலேயே வந்துவிடும். அந்த நேரத்தில்தான் கணுக்கால் பிசகும், சரளையில் வழுக்கும்.

மாடிப்படியில் பயிற்சி எடுக்கிறவர்களில் பலர் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கிவிடுகிறார்கள். பழக வேண்டியது இறங்குவதையும்தான். ஆறு வாரம் முன்பிருந்தே வாரம் இரண்டு மூன்று நாள், மலைக்குக் கொண்டுபோகும் அதே பையோடும் அதே ஷூவோடும் படி ஏறி இறங்குங்கள். மலையில் இறங்கும்போது முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். எடை பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். ஊன்றுகோல் இருந்தால் சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் அளவு வைத்து, இறக்கத்தில் 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். முட்டிக்குப் போகும் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்.

ஷூ விஷயத்திலும் இறக்கத்தை நினைத்துத்தான் வாங்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், மலைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். சாய்வான பலகையில் கீழ்நோக்கி நின்றால் விரல் முன்பக்கம் இடிக்கக் கூடாது. இடித்தால், இறங்கும் வழியில் ஆயிரக்கணக்கான முறை இடிக்கும், நகம் கறுத்துவிடும். உச்சியில் கிளம்பும் முன் கயிற்றை அவிழ்த்து, புறங்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். புது ஷூவை மலையில் முதன்முதலாகப் போடுவது கொப்புளத்தை விலை கொடுத்து வாங்குவது போல. இரண்டு வாரமாவது போட்டு நடந்திருக்க வேண்டும். குதிகாலில் சுள்ளென்று சூடு தெரிந்தால் “கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்” என்று நடக்காமல் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை அது.

ஆரம்ப வேகம், தண்ணீர், உடை

முதல் அரை மணி நேரம் எல்லோருமே வேகமாகத்தான் நடப்பார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முழு வாக்கியம் வராமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வேகமாகப் போய் நின்று நின்று ஏறுவதைவிட, மெதுவாக நிற்காமல் ஏறுவதில் களைப்பு குறைவு.

குழுவாகப் போகும்போது ஒரு தவறு யாருடைய கண்ணுக்கும் படுவதில்லை. முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் “வந்துட்டீங்களா, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும்.

தண்ணீர் மணிக்குச் சுமார் அரை லிட்டர், வெயிலில் அதற்கு மேல். ஏழு மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர் என்றால் மூன்றரைக் கிலோ எடை. அதற்குப் பயந்து ஒரு பாட்டிலோடு போகிறவர்களுக்கு இறக்கத்தில் ஒரு மிடறுகூட மிஞ்சாது. நிறைய வியர்க்கும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறையும். உப்புள்ள தின்பண்டமோ உப்புக் கரைசலோ சேர்த்துக்கொள்ளுங்கள். பசிக்கும் வரை காத்திராமல் மணிக்கொரு முறை கொஞ்சம் சாப்பிடுவது நல்லது. பையில் எடை மிகுந்தவற்றை முதுகையொட்டி நடுவில் வைத்து, இடுப்புப் பட்டையை இறுக்கினால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும்.

ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட் இரண்டும் மலைக்கு ஆகாதவை. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், உலராது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதோடு காற்றும் சேர்ந்தால் ஈரத்துணி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். வேகமாக உலரும் செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளுடை, அதன் மேல் சூடான ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேலங்கி போதும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் வியர்த்துவிடும். உச்சியில் நின்றவுடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட வந்தவர் ஜிப்பைப் போடத் தடுமாறினால், பேச்சு குழறினால், உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குகிறது என்று பொருள். அந்த நிலையில் அவருக்கு நடுக்கம் நின்றுவிட்டால் அது தேறியதன் அடையாளம் அல்ல, நிலைமை மோசமாகிவிட்டதன் அடையாளம்.

2500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டல் வந்தால் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், உடனே கீழே இறக்க வேண்டும்.

இடி, வழி தவறுதல், தகவல்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரியும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் முகட்டை விட்டு இறங்கியாக வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். மலைகளில் பிற்பகலில் இடிமழை திரள்வது வழக்கம் என்பதாலும் அதிகாலையில் கிளம்புவது நல்லது.

வழி தவறியது தெரிந்தால், நிச்சயமாகத் தெரிந்த கடைசி அடையாளம் வரை திரும்பி நடங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும் என்று நம்பி இறங்குகிறவர்கள் அருவித் தலைப்பில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வையுங்கள். காகிதத்தில் ஒன்றும் இருக்கட்டும். சிக்னல் தேடியே பேட்டரி தீரும் என்பதால் ஃபிளைட் மோடில் போடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். குளிரில் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

ஒரு விசில் கட்டாயம் வேண்டும். நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவதுதான் உதவி கேட்கும் சைகை. பதில் மூன்று ஊதலாக வரும். வழியையும் திரும்பும் நேரத்தையும் கீழே இருக்கும் ஒருவரிடம் சொல்லி, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கியதும் முதல் வேலையாக அவருக்குப் பேசிவிடுங்கள். மறந்தால், நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடிச் சிலர் இருட்டில் அதே மலையை ஏறிக்கொண்டிருப்பார்கள்.