2060ல் காவிரி நின்றால்: ஊகப்புனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊகப்புனைவு, அதாவது 'இப்படி நடந்தால்?' என்று கேட்டு எழுதும் அறிவியல் கதையும் மாயக்கதையும், எழுதத் தொடங்குகிறவர்களிடம் கற்பனைக்குப் பஞ்சமே இருக்காது. பஞ்சமெல்லாம் கணக்கில்தான். பறக்கும் பஸ், பேசும் நாய், கால இயந்திரம், செவ்வாய்க் குடியேற்றம் நாலும் ஒரே சிறுகதையில் வரும். அந்த பஸ்ஸில் டிக்கெட் என்ன விலை என்பது மட்டும் வராது. சிறுகதைக்கு ஒரு பொய் போதும். அந்த ஒன்றை வாசகர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார். இரண்டாவதிலிருந்து கணக்குக் கேட்பார்.

பெங்களூருவில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி தோன்றும் கரு ஒன்று உண்டு: 2060ல் காவிரி நின்றுவிட்டது. உடனே நகரம் பாலைவனமாகிறது, துப்பாக்கியோடு கும்பல்கள் திரிகின்றன. அது ஏதோ வெளிநாட்டுப் படத்துப் பாலைவனம். நம்ம ஊர் நிலைமை வேறு. இந்த நகரம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரித் தண்ணீரைத் தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று கட்டம் கட்டமாக பம்ப் செய்கிறார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கடந்து, 500 மீட்டர் வரை மேலேறித்தான் அது நம் குழாய்க்கு வருகிறது. ஆகவே ஆறு வற்றவே வேண்டாம். பம்புகளுக்கான கரண்ட் பில்லைக் கட்ட முடியாமல் போனாலே போதும்.

இங்கிருந்துதான் விளைவுகளை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் மூன்று வரி. முதல் வரி: குழாயில் தண்ணீர் இல்லை. இது எல்லோருக்கும் தோன்றும். இரண்டாவது: டேங்கர்காரர் கவுன்சிலரைவிடப் பெரிய ஆளாகிவிடுகிறார். மூன்றாவது: பத்தாவது மாடியில் வாடகை சரிகிறது, தரைத்தளத்தில் எகிறுகிறது, போர்வெல் வற்றாத பழைய வீட்டுப் பெண்ணுக்கு வரன்கள் குவிகின்றன. முதல் வரியில் தொடங்கும் கதை செய்தித்தாள் போல இருக்கும். மூன்றாவதில் தொடங்குங்கள்.

எண்களைச் சரிபார்க்காமல் விடுவது அடுத்த தவறு. செவ்வாயில் இருக்கும் மகனோடு பெங்களூரு அல்சூரில் இருக்கும் அம்மா வீடியோ காலில் சண்டை போடுவதாக எழுதுகிறார்கள். ஒளியே செவ்வாய்க்குப் போய்ச் சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை பிடிக்கும். 'சாப்பிட்டியா?' என்று கேட்டால் பதில் வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். இதைத் தடை என்று பார்க்க வேண்டாம். அம்மா திட்டி முடித்து, மனசு கேட்காமல் சமாதானமும் சொல்லி அனுப்பிவிட்ட பிறகுதான் மகனின் கோபம் வந்து சேர்கிறது. அந்தத் தாமதமே கதையாகிவிடும்.

பூமிக்கடியில் நகரம் கட்டுகிறவர்கள் கோலார் தங்கவயலை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது; 2001ல் மூடப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை விடாமல் கீழே அனுப்பினால்தான் ஆள் வேலை செய்ய முடியும். பாதாள நகரத்தில் முதலில் உயிரை வாங்குவது இருட்டு இல்லை, புழுக்கம். 1965ல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோக்களை, அதாவது பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களை, பதிவு செய்தார்கள். பெங்களூருவிலிருந்து 100 கிலோமீட்டர் தூரத்தில் இப்படியொரு களம் இருக்க, ஏன் எல்லாரும் நியூயார்க்கை அழிக்கிறார்களோ தெரியவில்லை.

மாயக்கதைக்கும் இதே சட்டம்தான். இரணியன் வாங்கிய வரத்தைப் பாருங்கள்: பகலிலும் இரவிலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் சாவில்லை. நிபந்தனை முதலிலேயே சொல்லப்பட்டுவிட்டது, முடிவு அதன் இடுக்கிலிருந்து வருகிறது. கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒரு புது மந்திரம் வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். 'எல்லாம் கனவு' முடிவும் அதே ரகம்.

தகவலை வசனத்தில் திணிப்பதுதான் மிகப் பரவலான நோய்.

"உனக்கே தெரியும் செல்வி, 2058 நீர்ப் பங்கீட்டுச் சட்டப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர்தான்."

தெரிந்தவளிடம் ஏன் சொல்ல வேண்டும்? இப்படி மாற்றிப் பாருங்கள்:

அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போன செல்வியின் கையை மாமியார் பிடித்தாள். "அத எங்க ஊத்தற? கார்டுல ரெண்டு லிட்டர்தான் மிச்சம், திங்கக்கிழமை வரைக்கும் ஓட்டணும்."

சட்டத்தின் பெயரும் ஆண்டும் போய்விட்டன. பங்கீடு மட்டும் வாசகருக்குப் புரிந்துவிட்டது. முதல் பிரதி முடிந்ததும் இப்படி விளக்கம் சொல்லும் வாக்கியங்களையெல்லாம் சிவப்பில் கோடிடுங்கள். பாதியை அடித்தாலும் கதை புரியும். முதல் 200 சொற்களையும் எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

பேச்சுமொழியிலும் கவனம் தேவை. சிவாஜிநகர் ஆட்டோக்காரர் சென்னைத் தமிழ் பேச மாட்டார். கன்னடமும் உருதுவும் அவர் பேச்சில் இயல்பாகக் கலந்திருக்கும். 2060லும் அந்தக் கலப்பு இருக்கும், இன்னும் கூடியிருக்கும். எதிர்காலக் கருவிக்கு ஐந்தசைச் செந்தமிழ்ப் பெயர் சூட்டினால் அதை யாரும் வாயால் கூப்பிட மாட்டார்கள். புழங்கும் பொருளுக்கு ஜனங்கள் சுருக்கமாக ஒரு பெயர் வைத்துவிடுவார்கள், அதை எழுதுங்கள்.

வாசிப்பிலும் தவறுகள் உண்டு. எடுத்த எடுப்பில் பத்து பாகத் தொடரில் கை வைப்பவர்கள் இரண்டாம் பாகத்தில் காணாமல் போகிறார்கள். சிறுகதைத் தொகுப்பில் தொடங்குவது நல்லது. அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்திலோ சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளிலோ தேடலாம். புரியாத சொல் வந்ததும் நிறுத்தி போனைத் தட்ட வேண்டாம். நல்ல எழுத்தாளர் அதை மூன்று நான்கு இடங்களில் புழங்கவிட்டுப் புரியவைத்துவிடுவார். 40 பக்கம் தாண்டியும் பிடிபடவில்லை என்றால் தயங்காமல் மூடிவைக்கலாம். 'ஒளியைவிட வேகமாகப் போக முடியாதே' என்று சண்டைக்குப் போவதும் வீண். அது அந்தக் கதைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரு பொய். தான் போட்ட விதியைத் தானே மீறினால் அப்போது கேளுங்கள்.

நண்பர்கள் கூடிப் படிக்கும்போது 20,000 சொல் குறுநாவலைக் கொண்டுவந்தால் யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். 2,500 சொற்களுக்குள், ஒரு வாரம் முன்பே, பக்க எண்ணோடு அனுப்புங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'சூப்பர்' என்பார்கள், அதனால் பயனில்லை. 'எந்தப் பக்கத்தில் போனை எடுத்துப் பார்த்தீர்கள்?' என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தைச் சொன்னால், திருத்தத்தை அதற்கு முந்தின பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.