சுவரோரப் பெட்டிக்கு ஓட்டை வேண்டாம்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஹால் 10-க்கு 12 அடி. ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும். அதை யோசிக்காமல், பின்பக்கம் போர்ட் (காற்று போய்வரும் ஓட்டைக் குழாய்) உள்ள டிசைனை எடுத்து 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டி அடித்துவிட்டேன். படம் போட்டால் ஒரே ‘கும்’ சத்தம், ஜன்னல் கண்ணாடிகூட அதிர்ந்தது. அம்மாவுக்கு வேறு குறை: “ஏம்பா, அவங்க பேசறது ஒண்ணுமே புரியலியே!”

முதலில் பழைய துண்டைச் சுருட்டி போர்ட் குழாய்க்குள் திணித்துப் பார்த்தேன். அந்த நிமிஷமே கும்மல் அடங்கியது. பிறகு பிளைவுட் வட்டம் வெட்டி ஒட்டி, பெட்டியை நிரந்தரமாக மூடிவிட்டேன். மூடிய பெட்டியில் பேஸ், அதாவது அடித்தொனி, கீழே போகப்போக மெதுவாகத்தான் குறையும். குறைவதை, பேஸைக் கூட்டிக்காட்டும் சுவர் ஓரளவு ஈடுகட்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சப்வூஃபர் (அடித்தொனிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) வேலை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் ஸ்பீக்கர் அளவை ‘ஸ்மால்’ என்று வைத்தால் போதும். எல்லா ஊஃபரும் (பெட்டிக்குள் அடித்தொனி தரும் பெரிய கோன்) மூடிய பெட்டிக்கு ஒத்துவராது, வாங்குமுன் அதன் அதிர்வு எவ்வளவு கட்டுப்படுகிறது என்று சொல்லும் க்யூடிஎஸ் (Qts) மதிப்பைப் பாருங்கள்.

வசனக் கோளாறுக்குக் காரணம், வசனத்தைத் தரும் நடு ஸ்பீக்கரான சென்டர் ஸ்பீக்கர். நடுவில் மேல்தொனி தரும் ட்வீட்டர், இரு பக்கமும் ஊஃபர், படுக்கைவாட்டுப் பெட்டி. நேரெதிரே உட்கார்ந்தால் அருமையாக இருக்கும். அம்மா உட்காருவதோ ஓரத்து நாற்காலியில். அங்கே இரண்டு ஊஃபரின் ஒலியும் முன்பின்னாக வந்து, சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். குரல் குழிந்து கேட்கும். அந்த சென்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, இடம் வலம் பெட்டிகளைப் போலவே மூன்றாவது ஒன்று செய்து டிவிக்குக் கீழே நிமிர்த்தி வைத்தேன். முன்னால் ஒரு மர ஆப்பு செருகி, ட்வீட்டரைக் காது உயரத்துக்குத் திருப்பினேன். இப்போது அம்மா அதே நாற்காலியில் இருந்தே சீரியல் வசனம் ஒன்றுவிடாமல் கேட்கிறார்.