பிரைமர் வேண்டுமா? சட்டகத் துண்டே சொல்லிவிடும்

பிளாஸ்டிக் மாதிரி விமானத்துக்கு அக்ரிலிக் வர்ணம் தீட்டுமுன் பிரைமர் (வர்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) தேவையா என்ற ஐயம் எழுந்தால், பாகங்களை வெட்டியெடுத்தபின் எஞ்சும் சட்டகத் துண்டொன்றைச் சவர்க்காரத்தால் கழுவி, அதே வர்ணத்தைப் பூசி, ஒரு நாள் முழுதும் உலரவிட்டு, மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி உரித்துப் பாருங்கள். வர்ணம் தோல்போல டேப்போடு உரிந்து வந்தால் பிரைமர் கட்டாயம் தேவை. வராவிட்டால் ஒரு டப்பா மிச்சம்.

நீரில் கரையும் அக்ரிலிக், மாதிரியின் பிளாஸ்டிக்கான பொலிஸ்டைரீனை அரித்து உட்புகுவதில்லை. வழுவழுப்பான பரப்பின்மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும் விரல் வியர்வையும் அந்தப் பிடியை மேலும் தளர்த்துவதால், கழுவுதலைத் தவிர்த்துச் செய்யும் சோதனைக்குப் பொருளில்லை. லாக்கர் தின்னர் என்ற கரைப்பான் கலந்து விசிறும் வர்ணமோ பிளாஸ்டிக்கைச் சற்றே கரைத்துப் பற்றிக்கொள்ளும்.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரக் காற்றில் ஒரு நாள் போதாது. நான் இரண்டு நாள் விடுவேன். பிரைமர் தேவையென்று தெரிந்தாலும், மூடுபனி இறங்கும் பிற்பகலில் ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள்: பூச்சு வெண்மை பூத்து மங்கிப்போகும். வெயில் விழும் முற்பகலே உகந்தது.

உலோகம், ரெசின் பாகங்களுக்கு இச்சோதனை வேண்டாம், நேரே பிரைமர் அடியுங்கள். கருநிறப் பிளாஸ்டிக்கில் மஞ்சளோ வெள்ளையோ தீட்டுவதென்றால், வர்ணம் நன்றாகப் பிடித்தாலும் நிறம் எடுபட வெளிர் பிரைமர் வேண்டும். விமானியறையின் கண்ணாடிப் பாகத்தில் மட்டும், உட்புறம் தெரியவேண்டிய இடத்தில், எதையும் பூசாதீர்கள்.