ஒரே மானிட்டர், மூன்று கம்ப்யூட்டர்: கேவிஎம் வாங்கும் முன் படியுங்கள்

எங்கள் வீட்டு மேசையில் மானிட்டர் ஒன்றுதான், 27 அங்குலம். அதை மூன்று கம்ப்யூட்டர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பகலில் அலுவலகம் கொடுத்த லேப்டாப். மாலையில் டேலி என்ற கணக்கு நிரல் ஓடும் என் சொந்த டெஸ்க்டாப். நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப். நான் கணக்கு வேலை பார்ப்பவன். எங்கள் தெருவைச் சுற்றியுள்ள சில கடைகளுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து தருகிறேன். மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கும்போது இந்த மேசையில் எதுவும் தடங்கக் கூடாது. எனவே ஒவ்வொரு கேபிளையும் யோசித்துத்தான் மாட்டியிருக்கிறேன்.

வீட்டில் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த கேவிஎம் வாங்கலாம்ணே?" என்றுதான். கேவிஎம் என்பது கீபோர்டு, திரை, மவுஸ் மூன்றையும் ஒரே பொத்தானில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பெட்டி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தை மாற்றுவது ஒரு வேலை, கீபோர்டையும் மவுஸையும் மாற்றுவது வேறு வேலை. முதல் வேலையை உங்கள் மானிட்டரே செய்யும். இரண்டாவதற்கு மட்டும் வழி பண்ணினால் போதும், பெரும்பாலான வீடுகளில் பெரிய செலவே வராது.

மானிட்டரின் பின்பக்கம்

கடைக்குப் போகும் முன் மானிட்டரைத் திருப்பி, பின்னால் எத்தனை வீடியோ துளைகள் இருக்கின்றன என்று பாருங்கள். என்னுடையதில் ஒரு டிஸ்பிளேபோர்ட், இரண்டு எச்டிஎம்ஐ. ஆக மூன்று கம்ப்யூட்டருக்கும் தனித்தனி கேபிள் போட்டாயிற்று. டெஸ்க்டாப் டிஸ்பிளேபோர்ட்டில், இரண்டு லேப்டாப்பும் எச்டிஎம்ஐயில். எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. எல்லாம் எப்போதும் செருகியபடியே இருக்கும். மானிட்டரில் எந்த இன்புட் என்று தேர்ந்தெடுத்தால் அந்தக் கம்ப்யூட்டர் திரையில் வரும்.

கேபிள் விஷயத்தில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒரு முனையில் டிஸ்பிளேபோர்ட், மறுமுனையில் எச்டிஎம்ஐ என்று வரும் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்பிளேபோர்ட்டும் மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐயும் இருந்தால்தான் படம் வரும். திருப்பிப் போட்டால் கறுப்புத் திரைதான். லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்து, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட் மட்டும் காலியாக இருந்தால் சாதாரணக் கேபிள் உதவாது. அதற்கென்று தனியாக, மின்சாரம் வாங்கி வேலை செய்யும் கன்வெர்ட்டர் வேண்டும். அதைவிட, டிஸ்பிளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரை அந்தத் துளைக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயைக் காலி செய்வது எளிது.

அடுத்து யூஎஸ்பி-சி. லேப்டாப்பில் அந்தத் துளை இருக்கிறது என்பதற்காகப் படம் வெளியே வந்துவிடாது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட்டின் 'D' வடிவக் குறியோ இருந்தால் நம்பலாம். குறி இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பக்கத்தைப் படித்துவிட்டு கேபிள் வாங்குங்கள். கேபிளிலும் இதே கதை உண்டு. போனுக்கு வரும் சார்ஜர் கேபிள் பெரும்பாலும் படத்தைக் கடத்தாது.

மூன்றாவது, 4கே மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸ் இழுத்து இழுத்து நகர்வதுபோல் கண்ணுக்குத் தெரியும். 60 வேண்டுமென்றால் கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றுமே எச்டிஎம்ஐ 2.0 ஆக இருக்க வேண்டும், அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும். என்னைப்போல 2560க்கு 1440 திரை வைத்திருந்தால், 60க்கு 1.4 தாங்கும்.

மானிட்டரில் ஒரே ஒரு எச்டிஎம்ஐதான் இருக்கிறது என்றால் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் வாங்குங்கள். இரண்டு அல்லது மூன்று கம்ப்யூட்டர் உள்ளே, ஒரு மானிட்டர் வெளியே. கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்பிளிட்டர் என்று ஒன்று பக்கத்திலேயே தொங்கும், உருவமும் விலையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது ஒரு கம்ப்யூட்டரின் படத்தை இரண்டு திரைக்குப் பிரித்துக் கொடுப்பது, நமக்குத் தேவையானதற்கு நேர் எதிர். பெட்டியின் மேல் 'இன்' எத்தனை, 'அவுட்' எத்தனை என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

படத்தை மாற்றுவது

மானிட்டரின் கீழ்ப்புறமோ பின்புறமோ உள்ள பொத்தானை அழுத்தினால் மெனு வரும், அதில் இன்புட் அல்லது சோர்ஸ் என்று இருக்கும். பல மானிட்டர்களில் இதை ஒரு குறுக்குவழிப் பொத்தானுக்கு ஒதுக்கிவைக்கலாம். முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். ஐந்தாறு முறை அழுத்த வேண்டியது இரண்டு அழுத்தாகும்.

அதே மெனுவில் 'ஆட்டோ சோர்ஸ்' என்று ஒன்று இருக்கும். சிக்னல் எங்கிருந்து வருகிறதோ அங்கே மானிட்டர் தானே தாவிக்கொள்ளும் வசதி. இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று எப்போதும் அணைந்தே இருக்கும் வீடுகளுக்கு இது சுகம். எங்கள் வீட்டில் மூன்றும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும், அதனால் அணைத்துவைத்திருக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் தூங்கப் போன நொடியில் மகளின் பாடம் திரையில் வந்து நிற்பதை நான் விரும்புவதில்லை.

பொத்தானைத் தொடாமலே மாற்றவும் வழி உண்டு. டிடிசி/சிஐ என்ற ஏற்பாட்டின்படி கம்ப்யூட்டர், அதே வீடியோ கேபிள் வழியாக மானிட்டருக்கு உத்தரவு கொடுக்கலாம். வெளிச்சம் கூட்டு, குறை, இன்புட்டை மாற்று என்றெல்லாம். விண்டோஸில் நிர்சாஃப்ட் தரும் கன்ட்ரோல்மைமானிட்டர் என்ற சிறு இலவச நிரல், லினக்ஸில் டிடிசியூட்டில், மேக்கில் பெட்டர்டிஸ்பிளே ஆகியவை இதைச் செய்யும். இன்புட்டுக்கான குறியீடு 60. அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு வழக்கமாக முதல் டிஸ்பிளேபோர்ட்டுக்கு 15, முதல் எச்டிஎம்ஐக்கு 17, இரண்டாவது எச்டிஎம்ஐக்கு 18. எல்லாக் கம்பெனிகளும் இதே எண்களைப் பின்பற்றுவதில்லை. நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் கொடுத்து, மானிட்டர் எந்த இன்புட்டுக்குப் போகிறது என்று பார்த்தால் உங்கள் மானிட்டரின் எண் தெரிந்துவிடும். எதுவுமே நடக்கவில்லை என்றால் மானிட்டர் மெனுவில் டிடிசி/சிஐ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்த உத்தரவுக்கு ஒரு ஷார்ட்கட் செய்து, ஒரு விசைச் சேர்க்கையை ஒதுக்கிவிட்டால் போதும். என் டெஸ்க்டாப்பில் இப்படித்தான் ஓடுகிறது. அலுவலக லேப்டாப்பில் அனுமதியில்லாமல் எந்த நிரலையும் ஓட்டக் கூடாது, அங்கே மானிட்டர் பொத்தான்தான்.

கீபோர்டும் மவுஸும்

இங்கேதான் கொஞ்சம் காசு செலவழிக்க வேண்டும். இரண்டு வழிகள்.

முதலாவது, பல கம்ப்யூட்டர்களை நினைவில் வைத்துக்கொள்ளும் புளூடூத் கீபோர்டு. லாஜிடெக் கே380 போன்றவற்றில் மேல் வரிசையில் மூன்று விசைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர். மவுஸிலும் இப்படி வருகிறது. கம்பி கிடையாது, பெட்டி கிடையாது, மேசை சுத்தமாக இருக்கும். சங்கடம் இரண்டு. கீபோர்டைத் தனியாக, மவுஸைத் தனியாக மாற்ற வேண்டும். சில அலுவலக லேப்டாப்புகளில் புளூடூத்தை மூடிவைத்திருப்பார்கள். டெஸ்க்டாப் உள்ளவர்கள் ஒரு பழைய கம்பிக் கீபோர்டை அலமாரியில் வைத்திருங்கள். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரைக்குள், போக வேண்டிய நாளில் புளூடூத் கீபோர்டு பெரும்பாலும் கை கொடுக்காது.

இரண்டாவது, நான் வைத்திருப்பது: யூஎஸ்பி ஸ்விட்ச். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. ஒரு பக்கம் கீபோர்டையும் மவுஸையும் செருக வேண்டும், மறுபக்கத்திலிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கேபிள் போகும். பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே மாறும். கீபோர்டு, மவுஸுக்கு யூஎஸ்பி 2.0 தாராளமாகப் போதும், 3.0 என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். உங்களிடம் வயர்லெஸ் ஜோடி இருந்தால் அதன் ரிசீவரை ஸ்விட்சில் செருகுங்கள், அப்படியே வேலை செய்யும். பொத்தான் தனிக் கம்பியில் நீண்டு வரும் மாடல் கிடைத்தால் அதை வாங்குங்கள். பெட்டியை மேசைக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம்.

என் தொழில்காரர்கள் இதை மனதில் வையுங்கள்: தாக்கலில் கையெழுத்திட உதவும் யூஎஸ்பி டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஒருபோதும் இந்த ஸ்விட்சில் செருகாதீர்கள். பொத்தானை அழுத்தும் நொடியில் பழைய கம்ப்யூட்டருக்கு அந்த டோக்கன் பிடுங்கப்பட்டது போலத்தான். கையெழுத்து நடந்துகொண்டிருந்தால் பாதியில் அறுந்துபோகும். பென்டிரைவ், பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்க் இரண்டுக்கும் இதே விதிதான், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஃபைல் கெடும். டோக்கன் எந்தக் கம்ப்யூட்டருக்கு உரியதோ அதிலேயே நேரடியாக இருக்கட்டும்.

ஸ்விட்சையும் முன்பு சொன்ன டிடிசி/சிஐயையும் இணைத்துவிட்டால் இன்னும் நல்லது. டிஸ்பிளே-ஸ்விட்ச் என்று ஒரு திறந்தமூல நிரல் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கீபோர்டு செருகப்பட்டதா, பிடுங்கப்பட்டதா என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் யூஎஸ்பி ஸ்விட்சை அழுத்தினால் மானிட்டரின் இன்புட்டையும் கூடவே மாற்றிவிடும். ஒரே அழுத்தில் படமும் கீபோர்டும் மவுஸும் வந்துசேர்கின்றன. கேவிஎம் செய்வது இதைத்தானே! நிரல் போட முடியாத அலுவலக லேப்டாப் ஒரு பக்கம் இருந்தாலும், டெஸ்க்டாப்பில் மட்டும் போட்டு, கீபோர்டு போனால் எச்டிஎம்ஐ, வந்தால் டிஸ்பிளேபோர்ட் என்று எழுதிவைக்கலாம். திரையில் இல்லாத கம்ப்யூட்டரின் உத்தரவை உங்கள் மானிட்டர் கேட்கிறதா என்பதை மட்டும் சோதித்துப் பாருங்கள். கேட்காவிட்டால் திரும்பி வரும்போது பொத்தான்தான்.

அப்படியானால் கேவிஎம் யாருக்கு? இரண்டு மானிட்டர்களைச் சேர்த்து மாற்ற வேண்டியவர்களுக்கும், ஒரு நாளில் இடைவிடாமல் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கும். வாங்கினால் 'இடிஐடி (EDID) எமுலேஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பெட்டியில் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரே போய்விட்டது என்று நினைத்து, விரித்து வைத்திருந்த ஜன்னல்களையெல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரைக்குள் குவித்துவிடும். மானிட்டரையே புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால், கேவிஎம் உள்ளேயே அமைந்த டெல் யூ2723க்யூஇ போன்றவற்றைப் பார்க்கலாம். லேப்டாப்புக்கு ஒரே யூஎஸ்பி-சி கேபிளில் படமும் 90 வாட் சார்ஜும் போய்விடும்.

மாட்டிய பிறகு

மானிட்டரிலேயே இன்புட்டை மாற்றினாலும் ஜன்னல்கள் இடம் மாறுவது சில மானிட்டர்களில் நடக்கும். விண்டோஸ் 11இல் சிஸ்டம், டிஸ்பிளே, மல்டிபிள் டிஸ்பிளேஸ் என்று போனால், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்யுங்கள். எங்கோ மாட்டிக்கொண்ட ஜன்னலை விண்டோஸ், ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி அடுத்த திரைக்கு இழுக்கலாம்.

ஒலியையும் கவனியுங்கள். எச்டிஎம்ஐ செருகியதும் பல லேப்டாப்புகள் ஒலியை மானிட்டருக்கு அனுப்பத் தொடங்கிவிடும். மீட்டிங்கில் இருந்தபடி டேலியைப் பார்க்க இன்புட்டை மாற்றினால், பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மௌனமாகிவிடுவார். மானிட்டர் எந்த இன்புட்டைக் காட்டுகிறதோ அதன் ஒலியை மட்டும்தான் தரும். லேப்டாப்பின் ஒலியை அதிலேயே செருகிய ஹெட்செட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஹெட்செட்டும் யூஎஸ்பி ஸ்விட்சில் போகக் கூடாது.

லேப்டாப்பை மூடிவைத்து வேலை செய்ய, விண்டோஸில் மூடியை மூடினால் எதுவும் செய்யாதே என்று மாற்றிவைக்க வேண்டும். மேக்புக் என்றால் சார்ஜரும் வெளிக் கீபோர்டும் மவுஸும் இணைந்திருக்க வேண்டும். மூடிய லேப்டாப்பைப் பையில் போடும் முன் அது நிஜமாகத் தூங்கிவிட்டதா என்று பாருங்கள், இல்லையென்றால் உள்ளேயே சூடேறும்.

கடைசியாக, ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, எந்தக் கம்ப்யூட்டர் என்று எழுதுங்கள். மானிட்டர், டெஸ்க்டாப், யூஎஸ்பி ஸ்விட்ச் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். தாக்கல் நாளில் கரண்ட் போனால் டெஸ்க்டாப் மட்டும் ஓடி, திரை இருண்டு கிடந்தால் டேலியில் பாதியில் இருக்கும் பதிவைச் சேமிக்கக்கூட வழியில்லை.