லீடர்ஷிப் ப்ரோக்ராம்னு பிள்ளைய அமெரிக்கா அனுப்புறீங்களா? நாங்க பண்ணுன தப்ப நீங்க பண்ணாதீங்க

எங்க அக்கா மக, 16 வயசு, யூத் லீடர்ஷிப் ப்ரோக்ராம்ல செலக்ட் ஆகி அமெரிக்காவுக்கு 3 வாரம் போய்ட்டு வந்தா. செலக்ட் ஆன மெயில் வந்த அன்னைக்கே அக்கா பெட்டி வாங்கக் கெளம்பிருச்சு, ஸ்வெட்டர் எடுத்தாச்சு, பருப்புப்பொடி அரைச்சாச்சு, ஆனா பாஸ்போர்ட்ட எடுத்துத் தேதி பாக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. சின்னப் பிள்ளைக்கு எடுக்குற பாஸ்போர்ட் 5 வருஷம் இல்லன்னா 18 வயசு, இதுல எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான். இவளுக்கு 11 வயசுல எடுத்தது. எண்ணிப் பாத்தா முடியப் போற நேரம். அப்புறம் அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ரினீவலுக்கு ஓடுனோம்.

அடுத்தது நம்மாளுங்களுக்குன்னே உள்ள பிரச்சன, இனிஷியல். ஸ்கூல்ல இனிஷியல், ஆதார்ல அப்பா பேரு பின்னாடி, பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலி, பேர் மட்டும். அமெரிக்க விசாவுக்கு டிஎஸ்-160 ஃபார்ம் ரொப்புறப்ப இவளா அப்பா பேர சர்நேம்ல போட்டுட்டா. அப்படிப் போடக்கூடாது, பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதான். ஒரே பேர்தான் இருந்தா அது சர்நேம் கட்டத்துக்குப் போகும், பேர் கட்டத்துல எஃப்என்யூன்னு போடணும், அதாவது முதல் பேர் தெரியலன்னு அர்த்தம் (பெத்தவங்க ஆசையா வச்ச பேரு, அவங்க தெரியலங்குறாங்க, என்ன பண்றது). டிக்கெட்லயும் பேர் பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகணும். துபாய் பக்கம் போற பிள்ளைங்க இத இன்னும் உன்னிப்பா பாக்கணும், 2022 நவம்பர்லேர்ந்து அங்க ஒத்தப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசால கெடுபிடி ஆயிருச்சு. முடிஞ்சா ரினீவல் பண்றப்பவே சர்நேமையும் சேத்துருங்க, நாங்க அவசரத்துல அத விட்டுட்டோம்.

விசா எதுன்னு ஏஜென்ட் சொல்றத நம்பாதீங்க. ப்ரோக்ராம் நடத்துறவங்க டிஎஸ்-2019ங்குற ஃபார்ம அனுப்புனாங்கன்னா அது ஜே-1 விசா (எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராம்ல போறவங்களுக்கு உள்ளது), டூரிஸ்ட் விசால போய்க்கலாம்னு யாராச்சும் குறுக்கு வழி சொன்னா காதுலயே வாங்காதீங்க. அந்த டிஎஸ்-160ல கடைசி 5 வருஷமா யூஸ் பண்ணுன சோசியல் மீடியா ஐடி எல்லாம் கேப்பாங்க. இவகிட்ட அம்மாவுக்குத் தெரியாம ரெண்டாவது இன்ஸ்டா ஐடி ஒண்ணு இருந்துருக்கு, அத எழுதாம விட்டுரலாமான்னு என்கிட்ட வந்து மெதுவா கேக்குறா. மறைக்கிறதுதான் பெரிய தப்பு, உள்ளத எழுதிரு, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னேன். 2025 ஜூன்லேர்ந்து ஜே விசாவுக்கு அப்ளை பண்றவங்க அக்கவுண்ட்ட பப்ளிக்ல வேற வைக்கச் சொல்லிருக்காங்க, அதனால இந்தப் பஞ்சாயத்த வீட்டுல முன்னாடியே முடிச்சுக்குறது நல்லது. இன்டர்வியூவுக்கு ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் பண்ணுனா பாருங்க, பேச்சுப்போட்டி மாதிரி ஒப்பிச்சுக் காட்டுனா, எனக்கே சிரிப்பு வந்துருச்சு. எதுக்குப் போற, அங்க என்ன பண்ணுவ, யாரு செலவு பண்றா, இத வீட்டுல பேசுற மாதிரி சொல்லத் தெரிஞ்சா போதும்.

பெட்டி விஷயம் சுருக்கமா சொல்லிர்றேன். பவர் பேங்க் செக்-இன் பெட்டில கூடாது, கைப்பைலதான், அதுவும் 100 வாட் ஹவருக்குள்ள. ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வேண்டவே வேண்டாம், அங்க கரன்ட் 120 வோல்ட், நம்ம 230 வோல்ட் மெஷின் ஒழுங்கா சூடாகாது. ஊறுகாய் பாட்டில் கைப்பைல இருந்தா செக்யூரிட்டில போச்சு, தண்ணி ஐட்டத்துக்கு உள்ள 100 மில்லி கணக்குல அதுவும் வந்துரும். திங்கிற சாமான் எது கொண்டு போனாலும் அங்க கஸ்டம்ஸ்ல இருக்குன்னு சொல்லிறணும், கறி கருவாடு ஐட்டமெல்லாம் வீட்டுலயே இருக்கட்டும்.

இதெல்லாம் கூட எப்படியோ சரி பண்ணிட்டோம், ஆனா பெரிய தப்பு எதுன்னா, போற நாட்டப் பத்தியே படிச்சது. அமெரிக்க ஜனாதிபதிங்க பேரெல்லாம் வரிசையா சொல்லுவா, செனட்ல 100 பேருன்னு சொல்லுவா. அங்க போனா அதெல்லாம் ஒருத்தரும் கேக்கல, உங்க ஊர்ல ரோடு சரியில்லன்னா யார்கிட்ட போவீங்க, நீ எப்பயாச்சும் போய்ப் பேசிருக்கியான்னு கேட்டுருக்காங்க. எங்க ஊரு தேனி பக்கம் ஒரு கிராமம், பஞ்சாயத்து ஆபீஸ் எங்க வீட்டுலேர்ந்து நாலாவது கட்டடம், அங்க ஒரு கிராம சபைக்கும் இவ போனதில்ல, கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும் தோணுனதில்ல. ராத்திரி 2 மணிக்கு வாட்ஸ்அப்ல கூப்புடுறா, மாமா, நம்ம ஊர்ல கிராம சபை எப்ப எப்ப நடக்கும், நாளைக்கு நான் பேசணும்னு. தூக்கக் கலக்கத்துல ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ன்னு டைப் பண்ணி அனுப்பிட்டுப் படுத்துட்டேன். காலைல எந்திரிச்சுதான் ஞாபகம் வந்துச்சு, 2022லேர்ந்து மார்ச் 22ம் நவம்பர் 1ம் சேத்து மொத்தம் ஆறு.