பங்குப் பட்டியலில் இல்லாத முதலாளி

வெள்ளவத்தையில் கம்பனிகளுக்குச் செயலாளர் வேலை பார்க்கிறேன். போன மாதம் புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவிலிருந்து ஓர் ஐயா வந்தார். புதுக் கம்பனி ஒன்று செத்தல் மிளகாயைக் கடனுக்குக் கேட்கிறதாம். “தங்கச்சி, இதுக்கு உண்மையில முதலாளி ஆர்?”

முதலில் தாள்கள். டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் படிவம் 15ஐ எடுங்கள். பங்குகள் யார் யாரிடம் என்று அதில் இருக்கும். அது வருடத்துக்கு ஒருமுறை போகிற தாள் என்பதால் பழசாகியிருக்கலாம். பணிப்பாளர் மாற்றத்துக்குப் படிவம் 20ஐயும் பாருங்கள்.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் பெட்டி போட்டுக் கீறுங்கள். ஐயா கேட்ட கம்பனியில் 100க்கு 40 பங்கு மகனிடம், மிச்சம் 60 இன்னொரு கம்பனியிடம். அந்த மேல் கம்பனியில் 70 வீதம் தாயிடம், 30 வீதம் மாமாவிடம். பெருக்கினால் தாய்க்கு 42 வீதம், மாமாவுக்கு 18. பணிப்பாளராக மகன்தான் விசிட்டிங் கார்ட் நீட்டுகிறார், ஆனால் பங்கில் தாய் ஒரு படி மேலே.

கணக்கு இதோடு முடியாது. மேல் கம்பனி தாயின் கையில் என்றால் அதன் 60 வாக்கும் அவர் சொல்படிதான் விழும். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் போதும். அவர் நினைத்தால் மகனையே பணிப்பாளர் பதவியிலிருந்து தூக்கலாம். விசேட தீர்மானத்துக்கு 75 வீதம் வேண்டும், அதை மட்டும் மகன் தன் 40ஐ வைத்து மறிக்கலாம். இடையில் எத்தனை கம்பனி வந்தாலும் மூச்சு விடுகிற ஓர் ஆளிடம் போய் நிற்கும்வரை கீறிக்கொண்டே போங்கள்.

ஆரம்பத்தில் நானும் இந்தப் பெருக்கலோடு நின்றவள்தான். மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2018இல் வங்கிகளுக்குக் கொடுத்த வழிகாட்டலில், உண்மையான உரிமையாளர் யார் என்று பார்க்க 10 வீதப் பங்கு என்று எல்லை இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் கணக்குத் திறக்க, அந்த எல்லைக்கு மேல் இருந்த மூன்று பேரை எழுதி அனுப்பினேன். வங்கியிலிருந்து படிவம் திரும்பி வந்தது. “மிஸ், செக்கில தனியாக் கையெழுத்து வைக்கிறவர் இதில எங்க?” அது அந்த வீட்டுத் தகப்பன். ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. அதே வழிகாட்டல் கட்டுப்பாடு யாரிடம், யாருக்காக இந்தக் கொடுக்கல் வாங்கல் என்றும் கேட்கிறது. நான்தான் வீதத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

அதிலிருந்து வேறு கேள்விகளும் கேட்கிறேன். பங்குக்குக் காசு கட்டியது யார்? வங்கிக் கடனுக்கு யாருடைய காணி ஈட்டில் இருக்கிறது? பங்கிலாபம் யார் கணக்குக்குப் போகிறது? டிரைவர் பெயரில் 90 பங்கு இருந்தால், திகதி போடாமல் கையெழுத்து வைத்த பங்கு மாற்றுப் பத்திரம் (நினைத்த நேரம் பங்கை வேறு பெயருக்கு மாற்ற வைத்திருக்கிற தாள்) யாருடைய அலுமாரியில் என்றும் கேளுங்கள். 2025ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கம்பனிகள் திருத்தச் சட்டத்தோடு நன்மை பெறும் உரிமையாளர், அதாவது கடைசியில் நிற்கிற அந்த உண்மையான முதலாளியின் விவரத்தைக் கம்பனியே பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. நல்லதுதான், ஆனாலும் கம்பனி தானாக எழுதிக் கொடுப்பதை நான் அப்படியே நம்பமாட்டேன்.

ஐயாவிடம் கடைசியாக, “விலை பேச உங்களுக்கு யார் போன் எடுக்கிறது?” என்று கேட்டேன். சிரித்தார். “மாமன்காரன்தான், வேற ஆர்?”

சரி, அப்படியென்றால் மகனோடு சேர்த்து மாமாவிடமும் பிணைக் கையெழுத்து வாங்குங்கள் என்றேன்.