அரிய சொல்லும் உரிய சொல்லும்: ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கித் தேர்வுக்கோ, மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கோ, வெளிநாட்டுப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கோ ஆயத்தமாகிறவர்களின் மேசையில் பெரும்பாலும் ஒரு நோட்டு இருக்கும். நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலப்பக்கம் தமிழ்ப் பொருளுமாக நிரப்பப்பட்ட அந்த நோட்டில் ‘லொக்வேஷஸ்’ என்றால் வாயாடும் இயல்புடைய, ‘பியூசிலானிமஸ்’ என்றால் கோழைத்தனமான என்று பக்கம் பக்கமாகச் சொற்கள் அணிவகுத்து நிற்கும். உயர்நிலைச் சொல்வளம் என்பது மற்றவர்களுக்கு எளிதில் விளங்காத சொற்களின் தொகுப்பே என்ற எண்ணம்தான் அந்த நோட்டின் அடித்தளம். நான் பார்த்தவரை, ஆங்கிலச் சொற்களைக் கற்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன.

இந்த எண்ணம் வேரூன்றியதற்குத் தேர்வுகளும் ஒரு காரணம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் எதிர்ச்சொல், சொல்லொப்புமை ஆகியவை நெடுங்காலம் தனித்தனிக் கேள்விகளாக இருந்தன. அரிய சொற்களின் நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்யும் வழக்கத்தை வளர்த்தவை அவைதாம். 2011 ஆகஸ்டில் அத்தேர்வு மாற்றியமைக்கப்பட்டபோது அவ்விரு வகைக் கேள்விகளும் நீக்கப்பட்டு, பத்தியின் ஓட்டத்தை உணர்ந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளே முதன்மை பெற்றன. 2016இல், அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான எஸ்.ஏ.டி. தேர்வும் அதே திசையில் திரும்பியது. எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் ஒருபொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும் இன்றும் கேட்கப்படுவதால், அவற்றை எழுதுகிறவர்களுக்குப் பட்டியல் தேவைதான். ஆனால் தேர்வுக்கான பட்டியலையும் மொழிக்கான சொல்வளத்தையும் ஒன்றென நினைப்பவர், மதிப்பெண் பெற்ற பிறகும் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைத் தடையின்றிப் படிக்க முடியாமல் திகைக்கிறார்.

எவ்வளவு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு ஓரளவு நம்பத்தக்க கணக்கு உண்டு. நியூசிலாந்தின் மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவலையோ நாளிதழையோ பிறர் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரையிலான சொற்குடும்பங்களும், பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 வரையிலானவையும் தேவைப்படும். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். படிக்கும் பகுதியில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. அதே நாட்டைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்த கல்விசார் சொற்பட்டியலில் 570 குடும்பங்களே உள்ளன. ஆயினும் ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்துகளில் அவை பத்து விழுக்காட்டு இடத்தைப் பிடித்திருந்தன. ‘அஸ்யூம்’, ‘டெரைவ்’, ‘இம்ப்ளை’, ‘கான்ஸ்டிட்யூட்’ என்று அப்பட்டியலில் இருப்பவை யாரையும் மலைக்க வைக்கும் சொற்கள் அல்ல. இவற்றையும், செய்தித்தாளில் அன்றாடம் கண்ணில் படும் ‘அண்டர்மைன்’, ‘கர்டெயில்’, ‘ரிலக்டன்ட்’ போன்றவற்றையும் அரைகுறையாக விட்டுவிட்டு, ஆண்டுக்கொரு முறைகூட எதிர்ப்படாத சொற்களுக்குக் காலைப் பொழுதைச் செலவிடுவதுதான் முதல் தவறு.

இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. தெரிந்த சொல் என்று நாம் ஒதுக்கிவைத்தவற்றை மீண்டும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ‘லோன் சாங்ஷன் ஆகிவிட்டது’ என்பதைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். அங்கே அதன் பொருள் ஒப்புதல். அதே சொல் ஒரு நாட்டின்மீது ‘சாங்ஷன்ஸ்’ விதிக்கப்பட்டதாகச் செய்தியில் வரும்போது, அது பொருளாதாரத் தடை, அதாவது தண்டனை. ‘குவாலிஃபைடு’ என்றால் தகுதி பெற்றவர் என்பது பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் ஓர் அரசியல் தலைவர் ஒரு திட்டத்துக்குக் ‘குவாலிஃபைடு சப்போர்ட்’ அளித்தார் என்றால், அவர் தயக்கத்துடனும் நிபந்தனைகளுடனும் ஆதரித்தார் என்பதே பொருள். முழு மனத்துடன் ஆதரித்தார் என்று படித்துவிட்டால், கட்டுரையின் கருத்தே தலைகீழாகிவிடும். முகவரியைக் குறிக்கும் ‘அட்ரஸ்’ ஒரு சிக்கலுக்குத் தீர்வு காண முற்படுவதையும், ஒப்பந்தத்தைக் குறிக்கும் ‘கான்ட்ராக்ட்’ நோய் தொற்றுவதையும் குறிக்கும். தீர்மானத்தை ‘டேபிள்’ செய்தார்கள் என்றால் பிரிட்டிஷ் வழக்கில் அவையில் முன்வைத்தார்கள் என்றும், அமெரிக்க வழக்கில் விவாதிக்காமல் ஒத்திவைத்தார்கள் என்றும் பொருள்படும். படிப்பவருக்குப் புதிய சொல்லால் விளையும் இடர் குறைவு. தெரியாது என்பதாவது அங்கே தெரிகிறது. பழகிய சொல்லின் பழகாத பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் ஏமாற்றிவிடுகிறது.

ஆகவே, ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்ற கணக்கோடு நிறுத்திக்கொள்வது போதாது. ஆங்கிலம்–தமிழ் அகராதி தொடக்கத்தில் இன்றியமையாதது; லிப்கோ அகராதி பல தலைமுறைகளுக்கு அந்தப் பணியைச் செய்திருக்கிறது. ஆயினும் ஓரளவு தேர்ந்த பிறகும் அதிலேயே தங்கிவிட்டால் சொற்களின் நிறபேதங்கள் பிடிபடுவதில்லை. ‘ஃபேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ இரண்டுக்கும் பெயர்பெற்ற என்று மட்டும் எழுதிக்கொள்பவர், மதிப்புக்குரிய ஓர் அறிஞரைப் பேர்போன குற்றவாளியின் வரிசையில் நிறுத்திவிடுவார். கற்போருக்கெனவே எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதிகள் இந்தக் குறையைத் தீர்க்க உருவானவை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, அங்குள்ள மாணவர்கள் தடுமாறிய இடங்களைக் கண்டு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. அதன் வழிவந்த அகராதி இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. எந்த வினையை எந்த அமைப்பில் பயன்படுத்துவது, எந்தப் பெயர்ச்சொல் பன்மை ஏற்காது, எது எழுத்து வழக்கு, எது பேச்சு வழக்கு என்பதையெல்லாம் அது சொல்கிறது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவருக்கு அதன் பாதிப் பயன்கூடக் கிடைப்பதில்லை.

சொற்கள் தனித்து வாழ்வதில்லை. டீக்கடையில் ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ என்று கேட்கிறோம். யாரும் சொல்லித் தராமலேயே ‘பவர்ஃபுல் டீ’ என்று நம் வாயில் வருவதில்லை. சொல்லோடு சொல் சேரும் இந்த முறை புழக்கத்தில் தானாகப் படிகிறது, பட்டியலில் படிவதில்லை. தமிழில் தவறும் செய்கிறோம், குற்றமும் செய்கிறோம், வேலையும் செய்கிறோம், ஏற்பாடும் செய்கிறோம். ஒரே ‘செய்’ எல்லாவற்றுக்கும் போதுமானது. ஆங்கிலத்தில் தவறுக்கு ‘மேக்’, குற்றத்துக்குக் ‘கமிட்’, வேலைக்கு ‘டூ’ என்று வினை மாறுகிறது. இதைக் கவனியாதவர் எவ்வளவு பெரிய பெயர்ச்சொல்லைக் கற்றாலும், அதன் முன்னே தவறான வினையைப் போட்டு வாக்கியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

இதே வகையைச் சேர்ந்தது, தமிழ் வேற்றுமையை ஆங்கிலத்தில் ஏற்றிவிடுவது. ஒன்றைப் பற்றி விவாதித்தோம் என்னும் பழக்கத்தில் ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின்னால் ‘அபௌட்’ சேர்த்துவிடுகிறோம். அந்த வினைக்கு அது தேவையில்லை. ‘கோப் அப் வித்’ என்று இந்தியர்களில் மிகப் பலர் எழுதுகிறார்கள். நடுவில் உள்ள ‘அப்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ, அகராதியில் ‘கோப் வித்’ என்றுதான் இருக்கிறது. நோட்டில் எழுதும்போதே துணைச்சொல்லோடு சேர்த்து எழுதிவிடுவது இதற்கு எளிய வழி: ‘ப்ரோன்’ என்று எழுதாமல் ‘ப்ரோன் டு’ என்றும், ‘ரெஃப்ரெய்ன்’ என்று எழுதாமல் ‘ரெஃப்ரெய்ன் ஃப்ரம்’ என்றும், அதன்கீழே அகராதியிலிருந்து ஒரு முழு வாக்கியமும். நாள் ஒன்றுக்கு முப்பது சொற்களை இப்படி எழுத முடியாதுதான். ஐந்தாறு எழுதினால் போதும்.

எளிய சொல்லை எடுத்துவிட்டுக் கனமான சொல்லைச் செருகினால் எழுத்து உயர்ந்துவிடும் என்று நம்புவது, குறிப்பாக வேலை விண்ணப்பங்களில், பரவலாகக் காணப்படும் பிழை. ‘பிகின்’ இருந்த இடத்தில் ‘கமென்ஸ்’, ‘டிரை’ இருந்த இடத்தில் ‘எண்டெவர்’, ‘மெனி’ இருந்த இடத்திலெல்லாம் ‘ப்ளெதரா ஆஃப்’ என்று மாற்றப்பட்ட கடிதம், அன்றாட உடைக்கு மேல் ஜரிகை அங்கவஸ்திரம் போர்த்தியதுபோல உறுத்துகிறது. பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியம், ஒரு கருத்தை ஒட்டிய சொற்களை ஓரிடத்தில் திரட்டித் தந்தது. சொல்லைத் தெரிந்திருந்தும் அந்நேரத்தில் நினைவுக்கு வராதவருக்கே அது பெரிதும் உதவும். முன்பின் தெரியாத சொல்லை அதிலிருந்து எடுப்பவர், மெலிந்தவரைப் பாராட்டும் ‘ஸ்லிம்’ என்பதற்கும் இகழும் ‘ஸ்கின்னி’ என்பதற்கும் வேறுபாடு அறியாமல் எழுதுவார். சிக்கனக்காரரையும் கஞ்சனையும் தமிழில் ஒருபோதும் குழப்பாத நாம், ‘த்ரிஃப்டி’யையும் ‘ஸ்டிஞ்ஜி’யையும் ஒரே வரியில் பொருள் எழுதி முடித்துவிடுகிறோம்.

இந்திய ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘பிரிபோன்’ என்பதைப் பிழை என்று சொல்லி மாணவர்களை அச்சுறுத்துவோர் உண்டு. நேரத்தை முன்னகர்த்துவதைக் குறிக்கும் அந்தச் சொல்லை, இந்திய வழக்கு என்ற குறிப்புடன் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு அலுவலகத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் அது விளங்காமல் போகக்கூடும் என்று அறிந்திருந்தால் போதும். பதில் அனுப்புங்கள் என்ற பொருளில் நாம் எழுதும் ‘ரிவர்ட்’ அப்படி விட்டுவிடக்கூடியது அன்று. பழைய நிலைக்குத் திரும்புதல் என்பதே அதன் பரவலான பொருள் என்பதால், படிப்பவர் வேறொன்றைப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது.

லத்தீன், கிரேக்க வேர்களைக் கற்பது நல்ல பழக்கமே. ஆனால் வேர் என்று தோன்றுவதைக் கொண்டே பொருளை முடிவு செய்வது ஆபத்து. ‘எனர்வேட்’ என்பது எனர்ஜியை நினைவூட்டினாலும் வலுவிழக்கச் செய்தலைக் குறிக்கிறது. ‘நாய்சம்’ என்பதற்கும் சத்தத்துக்கும் தொடர்பில்லை. நாற்றமெடுப்பது என்பதே அதன் பொருள். ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதிய லாரியைத் தீப்பிடிக்காதது என்று எண்ணி யாரும் அருகில் போய் நிற்காதிருப்பார்களாக.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் வழக்கம் மற்றொரு பொறி. நம் ‘ப’வும் ‘ட’வும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் பொதுவாக நிற்பதால், மட்டையும் கெட்டதும் தட்டுவதும் ‘பேட்’ என்ற ஒரே வடிவில் வந்து விழுகின்றன. எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் பதிவதில்லை. (இந்தக் கட்டுரையிலுள்ள சொற்களுக்கும் இது பொருந்தும், ஒவ்வொன்றையும் அகராதியில் ஒலிக்கச் செய்து கேட்டுவிடுவது நல்லது.) கண்ணால் மட்டுமே கற்ற சொல், பேச்சில் வரும்போது அடையாளம் தெரிவதில்லை. ‘எபிடோம்’ என்று மனத்துக்குள் படித்து வந்தவர், ஒருவர் ‘இபிட்டமி’ என்று சொல்லும்போது அது தமக்குத் தெரிந்த சொல்தான் என்பதையே உணர மாட்டார்.

மனப்பாடம் செய்யும் முறையிலும் நாம் பள்ளிக்கூடத்து இம்போசிஷனை விட்டபாடில்லை. ஒரு சொல்லை இருபது முறை எழுதினால் கை நினைவில் வைத்திருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு 40 சுவாகிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருள்களும் தரப்பட்டன. ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து கேள்வி கேட்கப்பட்டவர்கள், ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டைச் சொன்னார்கள். அதன்பின் கேள்வி கேட்கப்படாமல், பார்த்துப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூட நினைவில் இல்லை. ஆகவே பொருளை மறைத்துவைத்து, தானே நினைவுகூர முயன்று, பிறகு சரிபார்ப்பதுதான் படிப்பு. நோட்டை மீண்டும் மீண்டும் புரட்டுவது படித்துவிட்டதுபோன்ற நிறைவை மட்டுமே தருகிறது. இந்த முயற்சியை ஒரே இரவில் குவிக்காமல் ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போக வேண்டும். ஆங்கி போன்ற செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பிறர் தயாரித்துப் பதிவேற்றிய அட்டைகளை அப்படியே இறக்கிக்கொண்டால், பழைய இரண்டு பத்தி நோட்டுதான் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, எதிர்ச்சொற்களையும் ஒருபொருட்சொற்களையும் ஒரே நாளில் ஜோடியாகக் கற்பது. பாடநூல்கள் அப்படித்தான் அடுக்கித் தருகின்றன. ஆனால் பொருளால் நெருங்கிய புதிய சொற்களைச் சேர்த்துக் கற்றால் அவை ஒன்றையொன்று குழப்புகின்றன என்று 1990களில் தாமஸ் டிங்கம் செய்த ஆய்வுகள் காட்டின. நாட்டைவிட்டுக் குடிபெயர்வது ‘எமிக்ரேட்’டா ‘இமிக்ரேட்’டா என்று பலர் பல ஆண்டுகள் தடுமாறுவதைப் பார்த்தாலே இது விளங்கும். ஒன்று நன்கு ஊன்றிய பிறகு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

படிப்பதற்கு எதை எடுப்பது என்பதிலும் ஆர்வம் பலரைத் தவறான இடத்துக்கு இழுத்துச் செல்கிறது. வரிக்கு மூன்று சொற்கள் தெரியாத தலையங்கத்தை முதல் நாளே எடுத்து, ஒவ்வொன்றையும் அகராதியில் தேடுபவர், இரண்டாம் பத்தியில் சோர்ந்து, அடுத்த வாரம் அப்பழக்கத்தையே விட்டுவிடுகிறார். முன்னே சொன்ன ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவு இங்கேயும் உதவும். அதைவிடக் கடினமான பக்கத்தைச் சில மாதங்கள் தள்ளிவைத்துவிட்டு, தமக்குப் பிடித்த துறையில், கிரிக்கெட்டாகவோ மருத்துவமாகவோ பங்குச் சந்தையாகவோ இருக்கலாம், எளிதாகச் செல்லும் கட்டுரைகளை நிறையப் படிக்க வேண்டும். ஒரே துறைக்குள் ஒரே சொல் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வருவதால், அதன் சேர்க்கைகளும் கூடவே படிந்துவிடும்.

படித்த சொற்கள் அனைத்தும் பேச்சில் வர வேண்டும் என்று தம்மை வருத்திக்கொள்ளவும் தேவையில்லை. புரிந்துகொள்ளும் சொற்கள் பயன்படுத்தும் சொற்களைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். தமிழிலும் நமக்கு அப்படித்தான். எவற்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் கண்டறிய, படித்த கட்டுரையை மூடிவைத்துவிட்டு, அதன் சாரத்தை ஆங்கிலத்தில் எட்டுப் பத்து வரிகளில் எழுதிப் பார்த்து, பிறகு மூலத்தோடு ஒப்பிடலாம். ஆசிரியர் ஒரே வினையில் முடித்ததை நாம் எந்த இடத்தில் மூன்று சொற்களால் சுற்றி வளைத்தோமோ, அடுத்து நோட்டில் ஏற வேண்டியது அந்த வினைதான், அதுவும் அது நின்ற முழு வாக்கியத்தோடு.